கல்லைப் பார்க்க ஆர்வமில்லை என்று எங்களைப் பற்றி எழுதியவர்களுக்கு

எங்களை ஏதென்சுக்கும் ரோமுக்கும் அழைத்துச் சென்ற பயண நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

கடந்த ஜூனில் உங்கள் பதினொரு நாள் கிரேக்க, இத்தாலிப் பயணத்தில் வந்த 38 பேரில் நானும் என் கணவரும் இருந்தோம். ஊர் திரும்பியதும் எங்களில் 14 பேர் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு ஒரு புகார் அனுப்பினோம். கையேட்டில் போட்டிருந்த இடங்களைச் சரியாகக் காட்டவில்லை, காட்டிய இடத்தில் நிற்க நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் புகார். ஏழு வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. அதில் மூன்றாவது வரி இது: "நம் பயணிகளில் பெரும்பாலோருக்கு இடிந்த கற்களைப் பார்ப்பதில் ஆர்வம் இல்லை என்பதே எங்கள் அனுபவம் என்பதால், வரும் ஆண்டு முதல் அவ்விடங்களுக்கான நேரத்தைக் குறைத்துள்ளோம்."

நேரம் போதவில்லை என்று எழுதியவர்களுக்கு, இன்னும் குறைத்துவிட்டோம் என்று பதில். கூடவே வந்த புதுக் கையேட்டில், கிரேக்கத்துப் பழைய கோயில் ஊரான டெல்ஃபியைக் காணவே இல்லை. அட்டையில் மட்டும் ஏதென்சின் பார்த்தெனோன் கோயில் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. தனிக் கடிதம் எழுதினால் இன்னொரு நான்கு வரிதான் வரும். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கரூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவள். எங்கள் ஊர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், யவனர் காசு என்று காட்டுவேன். "இந்தக் காசு வந்த ஊரை நீங்க பார்த்திருக்கீங்களா டீச்சர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். இல்லை என்பேன். ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து, தலைக்கு 3,40,000 ரூபாய் என்று உங்களிடம் கட்டியது அந்தக் கேள்விக்காகத்தான். சாண்டோரினியிலும் வெனிசிலும் நீங்கள் காட்டியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாப்பாட்டிலும் குறை இல்லை. நான் எழுதுவது நீங்கள் "ஆர்வம் இல்லை" என்று சொன்ன அந்த இடங்களைப் பற்றி மட்டும்.

முதலில் ஏதென்ஸ். கையேட்டில் "அக்ரோபோலிஸ், வழிகாட்டியுடன்" என்று இருந்தது. பார்த்தெனோன் நிற்கும் மலை அது. காலை ஒன்பது மணிக்கு எங்களை ஏற்றிய பேருந்து நேராக ஒரு தோல் பொருள் கடைக்குப் போனது. அங்கே ஒன்றரை மணி நேரம். அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் இறங்கியபோது மணி 12.20. அந்த மலை மேல் நிழல் கிடையாது. வெயில் கடுமையான நாள்களில் நண்பகலிலிருந்து ஐந்து மணி வரை அதை மூடிவிடுகிறார்கள். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் அப்படி மூடினார்கள். அந்த நாட்டு அரசாங்கமே ஆபத்து என்று நினைக்கும் நேரத்தில், சராசரி வயது அறுபதைத் தாண்டிய ஒரு குழுவை ஏற்றிவிட்டு, "ஒன்றரைக்குள் கீழே வந்துவிடுங்கள்" என்றீர்கள். காலை எட்டு மணிக்கே திறக்கும் இடம் அது. 2023 செப்டம்பரிலிருந்து எந்த மணிக்கு உள்ளே போகப்போகிறோம் என்று நேரம் குறித்துத்தான் சீட்டு வாங்க வேண்டும். ஆகவே 12.30 என்ற நேரம் தானாக வந்ததில்லை. யாரோ உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடைக்குக் காலை, மலைக்கு மதியம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

வழிகாட்டி வரவில்லை. வேறு குழுவோடு போய்விட்டார் என்று டூர் மேனேஜர் தம்பி சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 26 வயசுப் பையன், பதினொரு நாளும் எங்கள் மாத்திரை டப்பாவைக்கூட ஞாபகம் வைத்துக்கொண்டு ஓடினார். ஆனால் அவர் உள்ளே நின்று எங்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் உரிமம் வாங்கிய வழிகாட்டிதான் இந்த இடங்களில் குழுவுக்கு விளக்கம் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் வேறு ஏற்பாடு செய்யவில்லை.

மேலே ஏறியவர்கள் 21 பேர். பார்த்தெனோன் முன்னால் நின்று ஒரு படம், சேர்ந்து ஒரு படம். அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்த என் கணவர்தான் முதலில் கேட்டார். "தூணெல்லாம் தேன் நிறமா இருக்கு. நடுநடுவே வெள்ளை வெளேர்னு துண்டு இருக்கே, அது என்ன, ஒட்டுப் போட்டிருக்காங்களா?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1687-இல் வெனிசுக்காரர்கள் குண்டு போட்டார்கள். துருக்கியர் உள்ளே வெடிமருந்து வைத்திருந்தார்கள். நடுப்பாகம் அப்படியே வெடித்துச் சிதறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடைந்ததை இரும்புப் பட்டை வைத்துச் சேர்த்தார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பி, பளிங்கையே பிளந்துவிட்டது. 1975-இல் ஒரு குழு அமைத்து, இரும்பை எல்லாம் எடுத்துவிட்டு டைட்டேனியம் வைத்து, இல்லாத இடத்துக்குப் புதுப் பளிங்கு செதுக்கிப் பொருத்த ஆரம்பித்தார்கள். இன்னும் நடக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "துருப்பிடிக்காததா வெச்சுட்டாங்களா? நாங்க ஒயருக்குப் பட்ட அதே பாடு" என்றார். எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "டீச்சர், அந்தப் பொம்பளைச் சிலைங்க தூண் மாதிரி நிக்குதே, அது?" என்று அடுத்த கேள்வி வந்தது. ஆறு பெண்கள். அங்கே நிற்பவை நகல்கள். அசலில் ஐந்து கீழே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒன்று லண்டனில் இருக்கிறது என்றேன். "அப்ப கீழ போய்ப் பார்க்கலாம்ல?" என்றார்கள். மணி 1.25. கீழே பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. 2009-இல் திறந்த அந்த அருங்காட்சியகம் மலையடியிலேயே இருக்கிறது. உங்கள் நிரலில் அது இல்லவே இல்லை.

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட 67 வயது அக்கா ஒருவர் எங்களோடு வந்தார். பணம் கட்டும்போதே உங்கள் ஆட்களிடம் அதைச் சொல்லியிருக்கிறார். "ஏறச் சிரமம்னா பஸ்லயே இருந்துக்கோங்க" என்று அங்கே வைத்துச் சொல்லிவிட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டருக்குமேல் பறந்து வந்து அக்ரோபோலிசின் அடிவாரத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தார். நடக்க முடியாதவர்களுக்கென்று அந்த மலையில் 2020 டிசம்பரிலிருந்து புது லிஃப்ட் ஓடுகிறது. இதை நான் ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரியாமல் போனது பரவாயில்லை. இதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? அந்த அக்காவிடம் நான் இதை இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

டெல்ஃபி. கையேட்டில் மூன்றாம் நாள் என்று போட்டு, பக்கக் கடைசியில் பொடி எழுத்தில் "குறைந்தபட்சம் 25 பேர் இருந்தால்" என்று சேர்த்திருக்கிறீர்கள். பணம் கட்டுமுன் அதை யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. முந்தின நாள் ராத்திரி ஓட்டல் வரவேற்பறையில் கை தூக்கச் சொன்னார்கள். 17 பேர் தூக்கினோம். ரத்து என்றார்கள். கல்லில் ஆர்வம் இல்லாத குழு என்று நீங்கள் எழுதும் குழுவில் 17 பேர், போகவர ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்காரத் தயாராக இருந்தார்கள். உங்கள் அனுபவக் கணக்கில் இந்த 17 எங்கே சேர்ந்தது?

டெல்ஃபி எனக்கு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். குறி சொல்லும் பூசாரிச்சியின் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பார்க்க நினைத்தது ஒரு சுவர். அப்பல்லோ கோயில் மேடையைத் தாங்கும் சுவர் அது. கற்கள் சதுரமாக இல்லாமல், ஒன்றின் வளைவுக்கு இன்னொன்று வளைந்து பொருந்தியிருக்கும். அந்தக் கற்களின் மேல் நூற்றுக்கணக்கான அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள் வெட்டியிருக்கின்றன. அடிமையை அப்பல்லோ தெய்வத்துக்கு விற்றதாக எழுதுவார்கள். தெய்வத்தின் சொத்து என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்த மனிதனும் அவரைச் சொந்தம் கொண்டாட முடியாது. பேர், விலை, சாட்சி எல்லாம் கல்லில் இருக்கும். நம் பக்கத்தில் சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு நேர்மாறாகப் படித்திருக்கிறேன். பஞ்சத்தில் வழியில்லாமல் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் கல்வெட்டுகள் அவை. இரண்டு சுவரையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வேன். ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொன்றைப் பார்க்க வந்தேன். அன்றைக்கு முழுநாளும் "ஓய்வு நாள்" என்று ஓட்டலில் விட்டீர்கள்.

ரோமுக்கு வருகிறேன். பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்தின் முன்னால் 25 நிமிடம். "உள்ளே போகச் சீட்டு கிடைக்கவில்லை" என்றார்கள். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் சீட்டில் வருகிறவரின் பெயர் இருக்க வேண்டும். எங்கள் 38 பேரின் பாஸ்போர்ட் நகலும் மூன்று மாதமாக உங்கள் அலுவலகத்தில் இருந்தது. பெயர் இல்லையென்று சீட்டு வாங்காமல் விட்டிருக்க முடியாது. சரி, வெளியே நின்றாலும் பார்க்க விஷயம் இருந்தது. வெளிச் சுவரில் வளைவுக்கு மேலே ரோமானிய எண்கள் இன்றும் தெரிகின்றன. கூட்டம் எந்த வாசலில் நுழைவது என்பதற்குப் போட்ட எண்கள், நம் ஊர் மைதானத்தில் கேட் நம்பர் போடுகிற மாதிரி. அதைச் சுட்டிக்காட்டக்கூட ஆள் இல்லை. நான் நான்கு பேருக்குக் காட்டினேன். மற்றவர்கள் படம் எடுத்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்கள். சொல்ல ஆளில்லாமல் நிற்க வைத்துவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டதை வைத்து ஆர்வமில்லை என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

கொலோசியத்துக்கு வாங்கும் சாதாரணச் சீட்டிலேயே பழைய ரோமின் நகரச் சதுக்கமான ஃபோரத்துக்கும் பாலட்டைன் குன்றுக்கும் போகலாம். 18 யூரோ. அந்த ஃபோரத்தை நாங்கள் பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். எனக்கு இடப்பக்க இருக்கை. ஃபோரம் வலப்பக்கம்.

அங்கே, மாக்சென்டியஸ் பசிலிக்கா என்கிற பெரிய மண்டபத்தின் அடியில், அதற்கும் முந்தைய கட்டடம் ஒன்று இருக்கிறது. டொமிஷியன் பேரரசர் காலத்தில் கட்டிய மிளகுக் கிடங்கு. ஹொர்ரியா பிபராட்டாரியா என்று பேர். பேரிலேயே மிளகு இருக்கிறது. ரோம் நகரத்தின் நட்டநடுவில், செனட் சபைக்குக் கூப்பிடு தூரத்தில், மிளகுக்கும் வாசனைச் சரக்குக்கும் ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அந்த மிளகு எங்கே விளைந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில். எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது? சேர நாட்டு முசிறியில். அதற்கு விலையாக வந்த காசு எங்கே கிடைக்கிறது? எங்கள் அமராவதி மணலிலும் கொங்கு நாட்டுப் புதையல்களிலும். அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் வெள்ளிக் காசுகள்தான் தென்னிந்தியாவில் அதிகம் கிடைத்தவை. காசு வந்து சேர்ந்த ஊரில் 31 வருடம் நின்று பாடம் நடத்தியவள் நான். சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தின் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். "அம்மா, பார்க்கிங் டைம் முடியுது" என்றார்கள். அடுத்த நிறுத்தத்தில், ஒரு பரிசுப்பொருள் கடையில், இரண்டு மணி நேரம் நின்றோம்.

இப்போது பாம்பேய், எரிமலை வெடித்துப் புதைந்துபோன ரோமானிய ஊர். உங்கள் மூன்றாவது வரி பொய் என்பதற்கு என்னிடம் உள்ள பெரிய சாட்சி இதுதான்.

பாம்பேயில் மட்டும் நீங்கள் சொன்னபடி வழிகாட்டி இருந்தார். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண், ஐம்பது வயதிருக்கும். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் அவர் ஆங்கிலத்தில் பேசுவார், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதை நான் கவனித்தேன். தெருவில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளத்தைக் காட்டினார். மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஓடும் தெருவில் கால் நனையாமல் கடக்க, நடுவில் உயரமான கற்கள் போட்டிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளியில் வண்டிச் சக்கரம் போகும். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில், குனிந்து குடிக்கிறவர்கள் கை ஊன்றி ஊன்றி விளிம்புக் கல் குழிந்து வழவழவென்று இருந்தது. எங்கள் குழுவிலிருந்த ஒரு பெரியவர், "எங்க ஊர்க் கிணத்துல கயிறு அறுத்த தடம் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, அந்தக் குழிக்கு மேலே தன் கையைத் தொடாமல் வைத்துப் பார்த்தார்.

அப்புறம் ஒரு ரொட்டிக்கடை. உள்ளே ஆள் இடுப்புக்குமேல் உயரத்தில் நான்கு எந்திரக் கற்கள். குளித்தலைப் பக்கம் மாவு மில் நடத்தும் அக்கா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அதுவரை எங்கேயும் வாய் திறக்காதவர். பயணம் முழுக்கப் பிள்ளைகளுக்கு போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர் கல்லைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "ஏனுங்க டீச்சர், இது நம்ம ஆட்டுக்கல்லத் தலைகீழாக் கவுத்த மாதிரி இருக்குதுங்களே. நம்மளுதுல குழி கீழ, குழவி மேல. இங்க குழவி கீழ நிக்குது, குழிக்கல்லு மேல இருந்து சுத்துது. மேல கொட்டுனா திருகை மாதிரி மாவு கீழ விழுகும், சரிங்களா?" அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வழிகாட்டி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, கழுதையோ அடிமைகளோ சுற்றுவார்கள் என்றார். அக்கா விடவில்லை. "கல்லு தேஞ்சா எத்தனை நாளைக்கு ஒருக்கா கொத்துப் போடுவாங்கன்னு கேளுங்க." அந்தப் பெண் உடனே முழங்காலிட்டு உட்கார்ந்து, எங்களையும் குனியச் சொன்னார். கல்லின் மேல் ஊசி குத்தின மாதிரித் துளைகள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல், உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. மேலே தேயத் தேய உள்ளே இருக்கும் துளை திறந்து புது விளிம்பு வரும், அதனால் சொரசொரப்பு சீக்கிரம் போகாது என்று விளக்கினார். மாவு மில் அக்கா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊரை அழிச்ச மலையிலிருந்துதான் ஊருக்குக் கல்லு வந்துதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு ஒரு நொடி ஆனது. வழிகாட்டி எழுந்து நின்று, கி.பி. 79-இல் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். இதே ஊரில் இன்னொரு ரொட்டிக்கடை அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கருகியபடி அப்படியே கிடைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டூர் மேனேஜர் தம்பிக்கு போன் வந்தது. எங்களுக்காகக் கடையில் காத்திருக்கிறார்களாம். உள்ளே நுழைந்து 55 நிமிடம் ஆகியிருந்தது. 66 ஹெக்டேர் பரப்புள்ள ஊரில், அதிலும் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிற ஊரில், நாங்கள் பார்த்தது இரண்டரைத் தெரு. மாவு மில் அக்கா என்னிடம், "நான் இங்கயே இருந்துக்கட்டுங்களா, நீங்க கடைக்குப் போயிட்டு வாங்க" என்றார். குழுவை விட்டுத் தனியாக நிற்க அனுமதி இல்லை என்றார்கள். டொர்ரே டெல் கிரேக்கோ என்ற ஊரில் சிப்பியிலும் பவழத்திலும் உருவம் செதுக்கும் கடையில் ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அந்தச் செதுக்கு வேலை அழகானதுதான், அந்த ஊருக்குப் பேர்போனதும்தான். ஆனால் அதற்காக நான் பணம் கட்டவில்லை. கையேட்டில் அது இல்லவும் இல்லை. மதியச் சாப்பாடு நேப்பிள்ஸ் நகரத்தில். 1938-இல் பாம்பேயில் கிடைத்த ஒரு சின்னத் தந்தச் சிலை, இந்தியாவில் செய்தது, அந்த நகரத்து அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

என் கணவர் சட்டைப்பை நோட்டில் எல்லா நேரத்தையும் குறித்து வைப்பவர். வேலைப் பழக்கம். அந்தக் கணக்கு இது: பதினொரு நாளில் கிரேக்க, ரோமானிய இடிபாடுகளுக்குள் நாங்கள் நின்றது 2 மணி 5 நிமிடம். மூன்று கடைகளுக்குள் இருந்தது 5 மணி 10 நிமிடம். இந்தக் கணக்கைப் புகாரோடு சேர்த்து அனுப்பியிருந்தோம். உங்கள் பதிலில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செலவு ஏறிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். அக்ரோபோலிசுக்கு 30 யூரோ. கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் சேர்த்து 18. டெல்ஃபியையும் பாம்பேயையும் கூட்டினாலும் தலைக்கு நூறு யூரோவைத் தாண்டாது. 3,40,000 ரூபாயில் இது எத்தனை பங்கு என்று நீங்களே பாருங்கள். கொஞ்சம் கூட்டிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

இனி நான் கேட்பவை.

"பார்த்தல்" என்ற சொல்லை உள்ளே போகும் இடத்துக்கு மட்டும் எழுதுங்கள். வெளியே நின்று பார்ப்பதை வெளியே நின்று என்றும், பேருந்திலிருந்து பார்ப்பதைப் பேருந்திலிருந்து என்றும் அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று பக்கத்திலேயே போடுங்கள். கடைகளையும் அதே போலப் போடுங்கள், நேரத்தோடு. கடைக்கு வர விருப்பமில்லாதவர்கள் இடிபாட்டிலேயே வழிகாட்டியோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வருடம் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆர்வத்தைப் பற்றி எழுதுங்கள்.

ஏதென்சில் காலை எட்டு மணிச் சீட்டு வாங்குங்கள், அதே நாளில் அருங்காட்சியகத்தையும் சேருங்கள். ரோமில் கொலோசியத்தோடு ஃபோரத்துக்கும் உள்ளே கூட்டிப் போங்கள். பாம்பேய்க்குக் குறைந்தது மூன்று மணி நேரம் கொடுங்கள். நான்கு இடத்திலும் உரிமம் பெற்ற வழிகாட்டி முழு நேரமும் இருக்க வேண்டும். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒருவர் குழுவோடு வர வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தமிழில் எட்டுப் பக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், ஒரு ரூபாயும் வேண்டாம்.

டெல்ஃபியைத் திரும்பச் சேருங்கள். 25 பேர் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பணம் வாங்கும்போதே வாயால் சொல்லுங்கள். அந்த ஜூனில் கை தூக்கிய 17 பேருக்கும் அந்த ஒரு நாளின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

முட்டிவலி, மூச்சுத் திணறல், சக்கர நாற்காலி பற்றிப் பதிவு செய்யும்போதே எழுதி வாங்குங்கள், வாங்கியதைப் படியுங்கள். அக்ரோபோலிசில் லிஃப்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பாம்பேயில் ஆம்ஃபிதியேட்டர் என்கிற பழைய அரங்கத்துப் பக்க வாசலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குமேல் படியில்லாத பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். இயலாதவர்களை அந்த வழியாகக் கூட்டிப் போங்கள்.

அந்த மூன்றாவது வரியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். புகாரில் கையெழுத்துப் போட்ட 14 பேருக்கும் அதை அனுப்புங்கள். முகவரிகள் உங்களிடம் இருக்கின்றன.

பேருந்திலேயே உட்கார வைக்கப்பட்ட அந்த அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். லிஃப்ட் இருந்தது, நாங்கள் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, மன்னியுங்கள் என்று தமிழில் எழுதி, உங்கள் கையெழுத்தோடு, இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகுதான் அவரிடம் நான் பேச முடியும்.

இப்படிக்கு,
உங்கள் ஜூன் மாதக் குழுவில் வந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கரூர்